பாக்கெட்டுக்குச் சோறு போடுவது யார்?

மானாவாரிப் புஞ்சைக்கு அசோஸ்பைரில்லம் போடுங்கள், பாஸ்போபாக்டீரியா போடுங்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நல்லதுதான். ஒன்று காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். மற்றது மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும். ஆனால் அந்த நுண்ணுயிருக்குச் சோறு எங்கே?

அதன் சோறு மக்கிய எருதான். மண் பரிசோதனை அட்டையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் 'குறைவு' என்று எழுதுவார்கள். கோவில்பட்டிக் கரிசலானாலும் சிவகங்கைச் செம்மண்ணானாலும் பெரும்பாலும் அந்தக் கதைதான். அப்படிப்பட்ட மண்ணில் 200 கிராம் பாக்கெட்டைத் தூவிவிட்டு வந்தால் எத்தனை நாள் தாங்கும்? அதுவும் தகரக் கூரைக்குக் கீழே, யூரியா மூட்டைமேல் வெந்துகிடந்த பாக்கெட்! கெடு தேதியை யார் பார்க்கிறார்கள்?

ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்பது சிபாரிசு. வீட்டுக்கு நாலு மாடு நின்ற காலத்தில் அது நடக்கும். டிராக்டர் சாணி போடுமா?

மிச்சமிருப்பது ஆட்டுக்கிடை. அறுவடை முடிந்த புஞ்சையில் கீதாரிகள் நாலு ராத்திரி கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும், வண்டிக்கூலி கிடையாது. பாக்கெட்டுக்கு மானியம் கொடுக்கிற சர்க்கார் கிடைக்கூலியில் பாதியையாவது கொடுக்கட்டும். மேய்ச்சல் தரிசையெல்லாம் வேலி போட்டு அடைத்தபின் அவர்களும் எத்தனை நாள் வருவார்கள்?

அதுவரை, பாக்கெட் வாங்குகிறவர்கள் அதை 25 கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரம் இருக்கும்போது, வெயில் தாழ்ந்தபின் தூவுங்கள். யூரியாவோடு மட்டும் கலக்க வேண்டாம்.