வானப்படமும் தரைக்குறியும்

ஆகாயத்தினின்று நிலத்தைப் படம் பிடித்தல் இந்நாளில் மிக எளிதாயிற்று. சிறு ட்ரோன் ஒன்று பறந்து இறங்குமுன் ஓர் சிற்றூர் முழுவதும் படத்தில் அடங்கிவிடுகின்றது. கூரையோடுகளைத் தனித்தனியே எண்ணலாம். இத்துணைத் தெளிவைக் கண்டோர், படத்திலுள்ள பொருள் யாவும் தத்தம் இடத்திலேயே இருப்பதாக நம்பிவிடுகின்றனர். தெளிவு வேறு, இடத்திருத்தம் வேறு என்பதைப் படித்தவர்களும் மறப்பதே எமக்குக் குறையாய்த் தோன்றுகின்றது.

கருவி காற்றிற் சாய்கின்றது. கண்ணாடிவில்லை ஓரங்களை வளைக்கின்றது. மேடு பெரிதாகவும் பள்ளம் சிறிதாகவும் படத்தில் விழுகின்றன. சாதாரண ட்ரோன் தன் இருப்பிடத்தைக் குறிப்பதிலே சில மீட்டர் பிசகுவதுண்டு. செயற்கைக்கோள் எடுக்கும் படத்திற்கும் இத்தகைய பிசகு உண்டு. கணக்கினாற் பல படங்களை ஒன்றாய் இணைக்கலாம். இணைந்த படம் முழுவதும் ஒருபுறம் நகர்ந்திருப்பின் அக்கணக்கு அதனை அறியாது. அறிவிப்பது தரைக்குறியே. வானினின்று தெரியுமாறு கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டமிட்ட பலகைகளைத் தரையில் வைத்து, அவற்றின் நடுவிடத்தை நுண்கருவியால் அளந்து, படத்தை அவ்வளவுகளுக்குப் பொருத்துவர். இவற்றைச் சாலையோரமாய் ஒரே வரிசையில் வைத்து வேலையை முடிப்பாரும் உளர். ஒரே வரிசையில் ஆணியடித்த துணி இருபுறமும் காற்றிற் பறவாதோ? எல்லையோரங்களிலும், நடுவிலும், மேட்டிலும், பள்ளத்திலும் அவை பரவியிருத்தல் வேண்டும்.

இனி, விலையுயர்ந்த ட்ரோன்கள் தம் இருப்பிடத்தைச் சில செண்டிமீட்டருக்குள் தாமே அறியுமே, குறி எதற்கு என வினவுவர். குறிகளின் தொகை குறையலாம் என்பதை ஒப்புகின்றோம். ஆயின் பொருத்துதற்குப் பயன்படுத்தாது தனியே அளந்து வைக்கும் சோதனைக்குறிகளை ஒழித்தல் ஆகாது. பொருத்திய குறியைக் கொண்டே படத்தைச் சோதித்தல், தேர்வெழுதிய மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவதை ஒக்கும்.

இம்முறைமை புதிதன்று. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடொன்றை அளந்து, அதன்மேல் முக்கோணங்களை மேற்கே தொடுத்துச் சென்றார். பெங்களூரை அடைந்ததும் கணக்கை நம்பி அமையாது, 1804-இல் ஆங்கு மற்றோர் அடிக்கோட்டைத் தரையிலேயே அளப்பித்து ஒப்பிட்டார். வேறுபாடு சில அங்குலமே. அவ்விரண்டாம் கோடு இல்லையேல் அவரது நுட்பத்தை எவர் அறிவர்?

இதனாலாய நட்டம் சிறிதெனக் கருதற்க. இருபது மீட்டர் நீளமுள்ள வேலிக்கோடு வரைபடத்தில் ஒரு மீட்டர் நகர்ந்தால், ஏறக்குறைய அரைச் செண்டு நிலம் கைமாறும். அண்டைவீட்டார் இருவர் நீதிமன்றப் படியேற அது போதும். ஆகலின் நிலவரைபடம் வெளியிடுவோர், சோதனைக்குறிகள் எத்தனை, அவை எங்கெங்கே உள்ளன, ஒவ்வொன்றிலும் கண்ட பிசகு எவ்வளவு என்பவற்றைப் படத்தின் ஓரத்திலேயே அச்சிடல் வேண்டும். ஒரு மூலையிற் கண்ட பெரும்பிசகைச் சராசரியில் மறைத்து வெளியிடுதலும் கூடாது.