“எனக்குக் கணக்கு வராது!”



“வரலாறு கேளுங்கள், சொல்கிறேன், செய்யுள் கேளுங்கள், ஒப்பிக்கிறேன். கணக்கு மட்டும் எனக்கு வராது!” இப்படிச் சொல்லாத மாணவியர் நம்மில் எத்தனை பேர்? மழை வரும், காய்ச்சல் வரும். கணக்கு தானாக வராது. நாம்தான் அதனிடம் போக வேண்டும்.

தேர்வு நெருங்கினால் நாம் செய்வது என்ன? ஆசிரியை போட்டுக் காட்டிய கணக்குகளை வரிக்கு வரி மனப்பாடம் செய்கிறோம். வினாத்தாளில் ஓர் எண் மாறினாலும் திருதிருவென விழிக்கிறோம். மனப்பாடம் மதிப்பெண் தரலாம். கணித அறிவைத் தராது. தானே போட்டு, தவறு செய்து, அத்தவறைத் தானே கண்டுபிடிப்பவளே கணிதம் கற்றவள் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு: தாயின் வயது மகளின் வயதைப்போல் 3 மடங்கு. 12 ஆண்டுகளுக்குப் பின் 2 மடங்காகும். இன்று அவர்களின் வயது என்ன? மகளின் வயதைக் ‘க’ என்று கொண்டால், 3க + 12 = 2(க + 12). இதைப் பிரிக்கும்போது நான் அடைப்புக்குறியை மறந்து 3க + 12 = 2க + 12 என்று எழுதிவிட்டேன். விடை என்ன தெரியுமா? க = 0! மகளும் பிறக்கவில்லை, தாயும் பிறக்கவில்லை! வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். சரியாகப் பிரித்தால் 3க + 12 = 2க + 24. எனவே மகளுக்கு 12, தாய்க்கு 36. பன்னிரண்டு ஆண்டுகள் சென்றால் 24, 48. சரிதானே? அன்று முதல் விடையைக் கணக்கில் திரும்ப வைத்துப் பார்க்காமல் நான் ஏட்டை மூடுவதில்லை. ஆகவே, தவறான கணக்கு உள்ள பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அதுவும் நமக்கு ஓர் ஆசிரியை.

மேதைகளும் தவறியதுண்டு. ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையேனும் விழும் வாய்ப்பு எவ்வளவு? பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் 3-இல் 2 என்று வாதிட்டார். தலை–தலை, தலை–பூ, பூ–தலை, பூ–பூ என நான்கையும் எழுதிப் பாருங்கள். 4-இல் 3 என்பதே சரி. பொறுமையாக எழுதிப் பார்க்கும் எட்டாம் வகுப்புச் சிறுமி மேதையையும் திருத்தலாம்!

“பெண்ணுக்கு எதற்குக் கணக்கு?” என்போரும் உள்ளனர். 1718-இல் மிலான் நகரில் பிறந்த கத்தோலிக்கப் பெண்மணி மரியா கயெத்தானா அஞ்ஞேசி, இயற்கணிதம் முதல் நுண்கணிதம் வரை இளைஞர்கள் கற்பதற்கென இரண்டு தொகுதிகளாக எழுதிய நூல் 1748-இல் வெளிவந்தது. திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் அவரைப் பாராட்டினார். 1750-இல் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கணிதப் பதவியும் அளிக்கப்பட்டது. பின்னாளில் அவர் ஏழைகள், நோயாளிகளின் பணிக்கே தம்மை ஒப்படைத்து 1799-இல் மறைந்தார். அறிவும் அன்பும் பகையல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இறுதியாக, பெற்றோருக்கும் ஒரு சொல். நான் எங்கள் வீட்டில் மூன்றாவது பெண். “இரண்டும் பெண், அடுத்தது நிச்சயம் ஆண்தான்” என்று உறவினர் சொல்லி வைத்திருந்தார்களாம். நான் பிறந்ததும் பழி அம்மாவின்மேல் விழுந்தது. நிகழ்தகவுப் பாடம் நடந்த அன்றுதான் எனக்கு விளங்கியது. நாணயத்திற்கு நினைவாற்றல் இல்லை. முன்பு எது விழுந்தாலும் அடுத்த முறை வாய்ப்பு பாதிதான். பிறப்பிலும் ஏறத்தாழ அப்படியே. மூன்றும் பெண்ணாகும் வாய்ப்பு ஏறத்தாழ 8-இல் 1. அது அதிசயமும் அன்று, யாருடைய குற்றமும் அன்று. ஆணா பெண்ணா என்பது தந்தையின் உயிரணுவைப் பொறுத்தது என அறிவியல் பாடமும் சொல்கிறது. அன்று மாலை அம்மாவிடம் இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். “இதை அப்பவே யாராவது சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்” என்றார்கள். அந்தத் தாள் இன்றும் அம்மாவின் செபப் புத்தகத்தில் இருக்கிறது.

தோழியரே! கணக்கு மதிப்பெண்ணுக்காக மட்டுமன்று. பொய்யான பேச்சை நிறுத்துப் பார்க்கும் தராசு அது. நாள்தோறும் ஐந்து கணக்குகள் போதும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்துவிட்டு, “எனக்கு வராது” என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? சிந்திப்போம், செயல்படுவோம்!

— பதினோராம் வகுப்பு மாணவி