நண்பர்களிடம் பேசுவதுபோல்



1962 நவம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முன் ஒரு வரைவு வந்தது. விவிலியம் ஓர் ஊற்று, மரபு வேறோர் ஊற்று என்று பிரித்துப் பேசிய அந்த வரைவு ஆயர்கள் பலருக்கு நிறைவு தரவில்லை. விவாதத்தை நிறுத்தும்படி 1368 பேர் வாக்களித்தார்கள். 822 பேர் மறுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு எட்டாதபோதும், திருத்தந்தை 23ஆம் யோவான் தலையிட்டு, அதைப் புதிதாக எழுதக் குழு அமைத்தார். அதன் பலன்தான் 1965 நவம்பர் 18 அன்று வெளியான ‘இறைவெளிப்பாடு’ சங்க ஏடு. எதிர்த்து வாக்களித்தவர்கள் ஆறே பேர்!

கடவுள் தம்மைப் பற்றிய செய்திகளை மட்டும் அறிவிக்கவில்லை, நண்பர்களிடம் பேசுவதுபோல் நம்மிடம் பேசித் தம்மையே தருகிறார் என்று அந்த ஏடு தொடங்குகிறது. விவிலியமும் மரபும் ஒரே இறை ஊற்றிலிருந்து வருபவை என்கிறது. திருச்சபையின் போதிக்கும் அதிகாரமான ஆசிரியம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதல்ல, அதற்குப் பணி செய்வது என்கிறது. எத்தனை துணிவான பணிவு அது!

நம் விவிலிய வாசிப்புக்கு மிகவும் வேண்டியது ஏட்டின் 12ஆம் எண். கடவுள் மனிதர் வழியாக, மனித முறையில் பேசினார். ஆகவே நூலாசிரியர் என்ன சொல்ல விரும்பினார், எந்த இலக்கிய வகையில் சொன்னார் என்று தேட வேண்டும். 1943இலேயே திருத்தந்தை 12ஆம் பயஸ் இதற்கு வழி திறந்திருந்தார். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதர் வருகிறார்கள். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகு விலங்குகள். இதை அறிவியல் பாடமாகப் படிப்பவர் தடுமாறுவார். படைத்தவர் யார், அவருக்கு நாம் யார் என்று கேட்டுப் படிப்பவருக்கு இரண்டும் பேசும்.

ஆய்வோடு நின்றுவிடவும் கூடாது. முழு விவிலியத்தின் ஒருமைப்பாட்டையும் திருச்சபையின் உயிருள்ள மரபையும் கருதி, எழுதத் தூண்டிய அதே தூய ஆவியின் ஒளியில் படிக்கச் சொல்கிறது அந்த எண். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து வாதாடும் பழக்கம் நம்மிடம் மிகுந்துவருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்தும் மொழிபெயர்க்கலாம் என்று இதே ஏடு இசைவு தந்தது. 1995இல் தமிழில் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அப்படிப்பட்ட கூட்டு உழைப்பே.

மொத்தம் 26 எண்கள் கொண்ட சிறிய ஏடு இது. அடுத்த அன்பியக் கூட்டத்தில் 12ஆம் எண்ணை உரக்கப் படியுங்கள். பிறகு அந்த வார நற்செய்தியை எடுத்து, இது யாருக்கு, எதற்காக எழுதப்பட்டது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். கிடைத்ததை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்