கொட்டாங்குச்சிக்கு முத்திரை எதற்கு?

நூலகச் சிறார் பகுதிக்கு விளையாட்டுப் பொருள் வாங்கும் எவரும் இனிப் பொம்மைகள் (தரக் கட்டுப்பாடு) ஆணை, 2020-ஐப் பாராமல் இருக்க முடியாது. 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இந்த ஆணைப்படி, 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாக வேண்டும். ஈயம் கலந்த சாயம் குழந்தையின் வாய்க்குப் போகாமல் தடுக்கும் எந்த விதியையும் வரவேற்கிறோம். ஆனால், முத்திரை உள்ளதைத் தவிர எதுவும் கூடாது என்று ஒப்பந்தப்புள்ளியில் எழுதிவிட்டால் வந்து சேர்வது பிளாஸ்டிக் சறுக்குமரமும் குட்டி வீடும்தான். சறுக்குமரத்தில் சறுக்கலாம், வேறென்ன செய்ய? அட்டைப்பெட்டி இன்று பேருந்து, நாளை கோட்டை. 1971-இல் சைமன் நிக்கல்சன் சொன்ன உதிரிப்பொருள் கோட்பாட்டின் சாரம் இதுவே: இடம் மாற்றவும் உருமாற்றவும் கூடியவை எவ்வளவு அதிகமோ, குழந்தையின் கண்டுபிடிப்பும் அவ்வளவு அதிகம்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம், 2016-இன் 17ஆம் பிரிவு முத்திரையில்லாப் பொருளின் உற்பத்தி, இறக்குமதி, விநியோகம், விற்பனை, வாடகை, குத்தகை போன்றவற்றைத் தடுக்கிறது. பயன்படுத்துதல் அந்தப் பட்டியலில் இல்லை. கொட்டாங்குச்சியும் பழைய புடவையும் பொம்மையாக வடிவமைக்கப்பட்டவையும் அல்ல. பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு ஆணையிலேயே விலக்கு உண்டு. புளியங்கொட்டையைக் குழந்தை விழுங்கினால் யார் பொறுப்பு என்பது நியாயமான கேள்வி. பொம்மைகளுக்கான தரநிலையில், விழுங்கக்கூடிய சிறு பாகங்கள் உண்டா என்று பார்க்கும் சோதனையே மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கானதுதான். அந்த வயதினருக்குத் தனித் தடுப்பும் பெரிய பொருட்களும் வைத்து, மேற்பார்வைக்கு ஒருவரையும் அமர்த்தினால் அந்த அபாயம் கட்டுக்குள் வரும்.

உண்மையான தடை இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. இதை இந்த இதழ் சொல்லாமல் விடாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, ஆண்டில் வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பென ஏற்கின்றன. அதுவும் நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாதபோது மட்டுமே. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூல் தொலைந்தால் கட்டாயம் விசாரணை. நூலுக்காவது இந்த ஐந்து உண்டு. மரக்கட்டைக்கும் சோழிக்கும் அதுபோல் ஒரு வரி எங்கே? தணிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் தன் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்று அஞ்சும் நூலகர் பீரோவைப் பூட்டத்தான் செய்வார். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. நூலைப் பூட்டிவைக்கும் பழக்கத்தை வளர்த்ததும் இதே அச்சம்தான். குழந்தை நேய நூலகம் என்று மேடையில் பேசும் அதிகாரிகள், குழந்தை தொட்டால் பொருள் தேயும், உடையும், சட்டைப்பையில் வீட்டுக்கும் போகும் என்பதை எழுத்தில் ஏற்க ஏன் தயங்குகிறார்கள்? ஊர்ப்புற நூலகத்தை ஒற்றை ஆளாக நடத்துபவரிடம் திறப்பு, துப்புரவு, பதிவேடு அத்தனையும் ஒப்படைத்துவிட்டுச் சோழிக்கும் கணக்குக் கேட்பது அநீதி. உதிரிப்பொருட்களை நிலையான இருப்பில் சேர்க்காமல் நுகர்பொருளாகப் பதியவும், ஆண்டுதோறும் புதிதாக வாங்கச் சிறு தொகை ஒதுக்கவும் பொது நூலகத் துறை ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஆணை அது.