ஆய்வுக்குக் காசு நம்மளோடது... படிக்கவும் காசா? ‘ஒரே நாடு ஒரே சந்தா’ யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது?

கூகுளில் ஓர் ஆய்வுக்கட்டுரையைத் தேடிப் பிடித்து கிளிக் செய்தால், முதலில் சுருக்கம் மட்டும் வரும். முழுசா படிக்கணும்னா டாலரில் காசு கட்டு என்று சொல்லும். கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்த பலருக்கும் இந்தப் பூட்டு பழக்கம்தான்.

இத்தனைக்கும், நம்ம ஊரில் பெரும்பாலான ஆய்வுகளுக்குப் பணம் கொடுப்பது அரசு. எழுதும் விஞ்ஞானிக்கு ஜர்னல் சம்பளம் தருவதில்லை. கட்டுரையைச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்களும் பெரும்பாலும் சும்மாதான் பார்த்துக் கொடுக்கிறார்கள். கடைசியில் அதே கட்டுரைக்குப் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்ட வேண்டும். நெல்லும் நம்முது, உழைப்பும் நம்முது, அரிசி மட்டும் காசுக்கு!

அரசு என்ன செய்தது?

2024 நவம்பர் 25-ம் தேதி ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்ஸ்வியர், வைலி, ஸ்பிரிங்கர் நேச்சர் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். அதாவது கிட்டத்தட்ட 1.8 கோடி பேர். ஐஐடி மாணவருக்குக் கிடைத்த பல இதழ்கள் மாவட்டத்து அரசுக் கலைக்கல்லூரி மாணவருக்கு எட்டாமலே இருந்தன. அந்த வகையில் இது பெரிய மாற்றம்தான்.

அப்போ மற்றவர்கள்?

‘அரசு’ என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். அறிவிக்கப்பட்ட பட்டியலில் அவை வரவில்லை. சொந்தமாக கிளினிக் நடத்தும் டாக்டரும் வரமாட்டார்.

இப்படி வெளியே நிற்பவர்களில் பலர் நாடியது சை-ஹப் தளத்தை. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-ல் தொடங்கிய இந்தத் தளம், பூட்டிய கட்டுரைகளை இலவசமாகத் திறந்துவிட்டது. காப்புரிமை மீறல் என்று 2020 டிசம்பரில் பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. சட்டப்படி சரி. ஆனால் தனியார் கல்லூரி மாணவருக்கு இருந்த குறுக்குவழியும் போச்சு.

பூட்டு இல்லாத ஜர்னல்கள் இருக்கே என்று கேட்கலாம். அங்கே பல இடங்களில் எழுதுபவர் காசு கட்ட வேண்டும். நேச்சர் இதழ் 2020-ல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. நம்ம பணத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல்!

அமெரிக்காவில் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் செய்த ஆய்வு, 2025 ஜூலை 1 முதல், வெளியான அன்றே பப்மெட் சென்ட்ரலில் இலவசமாக இருக்க வேண்டும். இந்தியாவிலும் அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை நிதியில் வரும் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்ற கொள்கை 2014-லேயே வந்தது. அதைக் கறாராக அமல்படுத்துவதற்கு 6,000 கோடி தேவைப்படாது. சந்தாவோ 2027-ல் முடியும். அதன்பிறகு வரும் இதழ்களுக்கு மறுபடியும் பேரம் பேசணும்.

அதுவரை ஒரு டிப்ஸ்: இயற்பியல், கணிதம், கணினி என்றால் ஆர்கைவ் தளத்திலும், மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரலிலும் கட்டுரைத் தலைப்பைப் போட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேட்கலாம். பலர் அனுப்பி வைப்பார்கள்.