வெளியூர்ப் பிள்ளை என்றால் யார்?

ஊர் மக்களுக்கும் பழைய மாணவர்களுக்கும்,

நீளமான பதிவுதான். ஆனால் மூன்று நாளாக வட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிற குரல் பதிவுகளை விடச் சின்னது. பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் உதைபந்தாட்ட அணி வேண்டுமென்றே விதியை மீறியதாம். வெற்றிக்காகப் புத்தளத்திலிருந்து ஆள் இறக்கியதாம். தோற்ற அணிக்காரர் சொன்னால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். எங்கள் ஊரவர்களே பகிர்வதால்தான் எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பிழை. ஒரு மாணவன் பாடசாலையில் சேர்ந்த திகதி, சேர்விடாப்பில் ஒன்றாகவும் போட்டிக்கு அனுப்பிய பெயர்ப் பட்டியலில் வேறொன்றாகவும் இருக்கிறது. முந்திய பாடசாலை கொடுத்த விடுகைப் பத்திரத்தின் திகதியைப் பார்த்து எழுதிவிட்டோம். இரண்டு வார வித்தியாசம். எழுதியது ஆசிரியர்களாகிய நாங்கள். அது கவனயீனம், அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம். ஆனால் சரியான திகதியை எழுதியிருந்தாலும் அவன் ஆடத் தகுதியுள்ளவனே. பொய் சொல்லாமலே கிடைக்கிற இடத்துக்கு யாராவது பொய் எழுதுவார்களா?

இனி, ‘வெளியூர்ப் பிள்ளை’ என்ற கதை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்தத் தீவிலிருந்து எப்படிப் போனோம் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களின் பிள்ளைகள் புத்தளத்தில் படித்தார்கள், அங்கேயே கலியாணம் முடித்தார்கள். யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறோம். இன்னும் எத்தனை வீடுகளில் வாப்பா இங்கே, உம்மா அங்கே? வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே இருக்க வேண்டும் என்று அலைந்தவர்கள் நாங்கள்தானே. அப்போது “நாங்கள் மன்னார்தான்” என்று வாதாடிய அதே வாய்கள் இன்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை “புத்தளத்தான்” என்கின்றன. அவனுடைய உம்மும்மாவின் வளவு எங்கள் மைதானத்திலிருந்து கூப்பிடு தூரம்.

உண்மையாகவே மோசடி நடக்காதா? நடக்கும். 2001இல் அமெரிக்காவில் சிறுவர் பேஸ்போல் உலகத் தொடரில் டனி அல்மொன்டே என்ற சிறுவன் எல்லோரையும் திணறடித்தான். வயது பன்னிரண்டு என்றார்கள், பதினான்கு என்று தெரியவந்தது. தகப்பன் பிறப்புப் பதிவில் செய்த வேலை. அணியின் வெற்றிகள் அழிக்கப்பட்டன. அதை நிரூபித்தது டொமினிக்கன் குடியரசின் பிறப்புப் பதிவேடு. பிள்ளை மீது குற்றமில்லை என்றும் ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் முரளியையும் மறக்கவில்லைதானே. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். ஆயிரக்கணக்கானோர் முன்னால் நடுவர் டெரல் ஹெயர் முரளியின் பந்தை ‘நோ போல்’ என்று திரும்பத் திரும்ப அறிவித்தார். கையை வளைத்து எறிகிறான், ஏமாற்றுகிறான் என்றார்கள். பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் சோதித்தபோதுதான் அவரது முழங்கை பிறப்பிலேயே முழுதாக நிமிராது என்பது உலகத்துக்கு விளங்கியது. முரளி சோதனைக்கு மறுக்கவில்லை, கையை நீட்டிக் கொடுத்தார். நாங்களும் அதையே செய்கிறோம். சேர்விடாப்பு, விடுகைப் பத்திரம், வரவிடாப்பு மூன்றின் பிரதிகளோடும் விளக்கக் கடிதம் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்விட்டது. போட்டியின் முடிவை ரத்துச் செய்வதென்றாலும் செய்யட்டும், கட்டுப்படுவோம். பெற்றோர் எவரும் அலுவலகத்துக்கு வந்து மூலப் பிரதியைப் பார்க்கலாம். இதுவரை வந்தவர் ஒருவர். குரல் பதிவு போட்டவர்கள் அந்தப் பக்கமே இல்லை.

பயிற்றுவிப்பாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் சம்பளம் வாங்காமல் வருகிறார். பிள்ளைகளின் பூட்ஸ் கிழிந்தால் தைத்துக் கொடுப்பவரும் அவரே. அந்த மனிதரைக் ‘கள்ளன்’ என்று எழுதியவர், தன் மகனும் அவரிடம்தான் பழகினான் என்பதை மறந்துவிட்டார்.

அந்தப் பிள்ளை திங்கட்கிழமையிலிருந்து பாடசாலைக்கு வரவில்லை. மைதானத்துக்கும் இல்லை. நேற்றிரவு இஷாவுக்குப் பிறகு இரண்டு பேர் வீட்டுக்குப் போனோம். உம்மா தேத்தண்ணீர் தந்தார். அவன் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. “சேர், அவன்ட போனை வாங்கி வச்சிட்டன்” என்றார் உம்மா.

நாளை அஸருக்குப் பிறகு வழமைபோல் பயிற்சி இருக்கிறது. அவனுடைய இலக்கமுள்ள ஜேர்சியைத் தோய்த்து வைத்திருக்கிறோம். முடிந்தவர்கள் மைதானத்துக்கு வாருங்கள்.