தரகருக்கு மோதிரம் செய்யலாமா?

தேவாரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டை 20 லட்சம் ரூபாய்க்கு விலை பேசி வருகிறோம். தரகருக்கு 2 சதவீத கமிஷன் தருவதாகப் பேச்சு. அதுபோக, 'ஒரு மோதிரமும் 2 கிலோ ஏலக்காயும் கொடுத்தால் இன்னும் 1 லட்சம் குறைத்துத் தருகிறேன்' என்கிறார். விற்பவரின் தங்கைக்கு ஒரு சேலை எடுத்துக்கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவாராம். பத்திர ஆபீஸ் செலவுக்கென்று தனியாக 15,000 ரூபாய் வேண்டுமாம். இதில் எது முறை, எது கூடாது?"

இந்தக் கேள்விக்குள் நான்கு விதமான கொடுக்கல் இருக்கிறது. நான்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

முதலாவது கமிஷன். இது கூலி. பழைய வீடு, தோட்டம் கைமாறும்போது தரகு இவ்வளவுதான் என்று சட்டம் எதுவும் அளவு வைக்கவில்லை, பேசி முடிப்பதுதான். 20 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 40,000 ரூபாய். இந்தத் தொகையையும், அதை எப்போது தருவது என்பதையும் அச்சாரம் கொடுக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. பேசிய கூலியைக் குறைப்பதும் தப்பு, பேசாததைக் கேட்பதும் தப்பு.

இரண்டாவது மோதிரமும் ஏலக்காயும். ஏலக்காய் விளைகிற மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2 கிலோவின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பிரச்னை அதன் விலையில் இல்லை. தரகர் விற்பவரிடமும் கூலி வாங்குகிறார். அவருக்கு நல்ல விலை வாங்கித் தர வேண்டியவர், மறைவில் மோதிரம் வாங்கிக்கொண்டு விலையைக் குறைத்தால் அது நம்பிக்கைத் துரோகம். ஒருவருக்காக வேலை பார்க்கும் முகவர் அவருக்குச் சரியான கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்கிறது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். இன்றைக்கு ஒருவரின் மோதிரத்துக்காக விலையை இறக்குகிறவர், நாளைக்கு வேறொருவரின் சங்கிலிக்காக வீட்டையே கைமாற்றிவிடலாம். "அண்ணே, பேசின கமிஷன் ரூபாய் குறையாம வந்து சேரும். விலையை அவங்க வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசிக்குவோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது தங்கைக்குச் சேலை. இதில்தான் வாங்குபவருக்கு ஆபத்து அதிகம். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனைப் போலவே மகளுக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்பது 2005-ம் ஆண்டின் சட்டத் திருத்தம். 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சேலை சீராக இருக்கலாம், பங்குக்கு ஈடாகாது. விற்பவர்களில் ஒருவராகத் தங்கையின் பெயரும் பத்திரத்தில் வர வேண்டும். அவருக்குச் சேரும் தொகை அவருடைய வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். பங்கு வேண்டாம் என்று அவர் மனமுவந்து சொன்னால், அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்த பிறகு கிரயம் செய்யலாம். விவரம் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து, பின்னால் வழக்காக வாசலுக்கு வரும்.

நான்காவது ஆபீஸ் செலவு. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்துக்கு 1,40,000-மும் 40,000-மும் சேர்த்து 1,80,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதன்படி கணக்கிடுவார்கள். இதை பதிவுத்துறை இணையதளம் வழியாகவே கட்டலாம். பத்திரம் எழுதுபவருக்கு அவருடைய கூலியை ரசீதோடு தரலாம். இதற்கு மேல் ரசீது இல்லாமல் கேட்கும் பணம் லஞ்சம். 2018-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், 7 நாள்களுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்படியென்றால் அன்பளிப்பே கூடாதா? கூடும். பத்திரம் பதிவாகி, பேசிய கணக்கெல்லாம் தீர்ந்த பிறகு கொடுக்கலாம். தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, அலைந்து திரிந்த தரகருக்கு வேட்டி துண்டு கொடுப்பது மரியாதை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்த வீட்டை விட்டுப் போகும் அம்மாவுக்குச் சேலை கொடுப்பது அதைவிடப் பெரிய மரியாதை. ஏலக்காய் கொடுக்க ஆசையென்றால், ஒரு கைப்பிடியை அந்தத் தட்டிலேயே வைக்கலாம்.

எந்தக் கொடுக்கலுக்கும் ஒரே சோதனைதான். விற்பவர், வாங்குபவர், தரகர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது எடுத்துக் கொடுக்க முடிந்தால் அது அன்பளிப்பு. ஒருவர் எழுந்து போகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தால், அதைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.